டிராக்டர் பேலட் ஃபோர்க்: பார்வையும் துல்லியமும்

பேலட் ஃபோர்க் என்பது டிராக்டரின் முன் லோடரிலோ பின்பக்க ஹைட்ராலிக் லிஃப்டிலோ மாட்டப்படும் இரட்டை எஃகுக் கரம். பேலட் எனப்படும் அடுக்குப் பலகையின் அடியில் இந்தக் கரங்களை நுழைத்து, மேலுள்ள பெட்டிகளை மொத்தமாகத் தூக்கலாம். ஆலைக்குள் ஃபோர்க்லிஃப்ட் செய்யும் வேலையை மண் தரையிலும் தோட்டத்து ஓரத்திலும் செய்ய இது உதவுகிறது. ஆனால் டிராக்டர் ஓட்டுநர் அமர்ந்த இடத்திலிருந்து கரத்தின் நுனி சரியாகத் தெரிவதில்லை. அதனால் இந்தக் கருவியைக் கையாளும் திறமையின் பெரும்பகுதி, பேலட்டை நெருங்குமுன்பே உயரம், சாய்வு, நேர்கோடு ஆகிய மூன்றையும் சரிசெய்துகொள்வதில் அடங்கியிருக்கிறது.

தேனி வட்டாரத்தில் தேவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் முதன்மைத் தொடருக்கும் மேகமலைக்கும் நடுவே தேனி மாவட்டத்தில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்ட பின் பாசனம் பெருகிய பகுதி. இங்கு ஆண்டு முழுவதும் அறுவடையாகும் பன்னீர் திராட்சை, ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சின்னமனூர், கம்பம், கூடலூர் பகுதிகளில் வாழை முக்கியப் பயிர். தேனி, ஆண்டிப்பட்டிப் பக்கம் நூற்பாலைகள் உண்டு. அவற்றுக்கு வரும் பஞ்சும் கனமான சரக்குதான்; இந்தியாவில் ஒரு பஞ்சுப் பேலின் (அழுத்திக் கட்டிய பொதியின்) வழக்கமான எடை 170 கிலோ.

தோட்டத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் தலைச்சுமைதான். சரக்கு அட்டைப்பெட்டிக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுக்கும் மாறும் இடத்தில்தான் பேலட் வருகிறது. ஏற்றுமதி வாழைப்பழத்தை 13 கிலோ பெட்டிகளில் அடைத்து, 13–14 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பது வழக்கம். அத்தகைய 50 பெட்டிகளை ஒரு பேலட்டில் அடுக்கினால் பழம் மட்டுமே 650 கிலோ. கரத்தின் நுனி தவறிக் கீழ்வரிசைப் பெட்டியில் குத்தினால் சேதம் அந்தப் பெட்டியோடு நிற்காது, அடுக்கே சரியலாம். திராட்சைக்கோ குலுங்கினாலே போதும், காம்பிலிருந்து பழம் உதிர்ந்துவிடும்.

பார்வை மறையும் காரணம்

ஃபோர்க்லிஃப்டில் ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் தூக்கும் தூணும் கரமும் நெருக்கமாக இருக்கும். டிராக்டரில் இடையே நீண்ட பானட், லோடரின் இரு கைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய், கரங்களைத் தாங்கும் சட்டம் என நான்கு தடைகள். கரம் தரையை ஒட்டி இறங்கும்போது நுனி முழுதாக மறையும். பேலட்டில் நுழைய வேண்டிய கணமும் அதுதான்.

பின்பக்கம் மாட்டினால் பானட் தடை இல்லை. ஆனால் ஓட்டுநர் கழுத்தைத் திருப்பியபடியே ஓட்ட வேண்டும். தூக்கும் உயரமும் குறைவு. லிஃப்ட் கைகள் வில்போல வளைந்து ஏறுவதால் கரத்தின் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். ஹைட்ராலிக் டாப் லிங்க் (மேல் இணைப்புத் தண்டு) இருந்தால் இருக்கையிலிருந்தே அதைத் திருத்தலாம்.

பிழைக்கு உள்ள இடம்

ஐரோப்பிய வகைப் பேலட்டில் கரம் நுழையும் திறப்பின் உயரம் 100 மி.மீ. கரத்தின் தடிமன் 40 மி.மீ. என்றால் மிஞ்சுவது 60 மி.மீ. மட்டுமே. 1,200 மி.மீ. நீளக் கரம் ஒரு டிகிரி சாய்ந்தால் நுனி 21 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். மூன்று டிகிரி சாய்ந்தால் 63 மி.மீ.; இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். மூன்று டிகிரி சாய்வு இருக்கையிலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. பக்கவாட்டில் சற்றுத் தாராளம் உண்டு என்றாலும், டிராக்டர் இரண்டு டிகிரி கோணலாக நுழைந்தால் நுனி 42 மி.மீ. விலகும்.

பார்வையை மேம்படுத்தும் முறைகள்

மட்டக்குறி: செலவே இல்லாத முறை இது. சமமான சிமென்ட் தளத்தில் கரத்தைப் படிய வைத்து, சாய்வு சிலிண்டருக்கு அருகே பொருத்திய கம்பியில் பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு நுனியைப் பார்க்கத் தேவையில்லை. தரையை ஒட்டிய உயரத்தில் கோடு பொருந்தினால் கரம் மட்டமாக இருக்கிறது என்று பொருள். ஆனால் டிராக்டர் நிற்கும் தரை சரிந்திருந்தால் கரமும் அதே அளவு சரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிறக்குறி: நுனிக்கு வெள்ளை அல்லது மஞ்சள் பெயின்ட் அடித்தால் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். மேற்கே மலை இருப்பதால் பள்ளத்தாக்கில் நிழல் சீக்கிரம் விழும். விளக்கைப் பானட்டுக்கு மேலே வைப்பதைவிட லோடர் கையின் பக்கவாட்டில் வைத்தால் நிழல் மறைப்பு குறையும். கரத்தின் மேல் நுனியிலிருந்து 1,000 மி.மீ., 1,200 மி.மீ. தூரங்களில் கோடு போட்டால் எவ்வளவு நுழைந்தது என்று அறியலாம். கரம் பேலட்டைவிட நீளமாக இருந்தால் பின்னால் நிற்கும் அடுக்கில் குத்தாமல் தடுப்பது இந்தக் கோடுதான்.

கேமரா: இரு கரங்களுக்கு நடுவே சட்டத்தில் பொருத்தினால் திறப்பு நேராகத் தெரியும். அகலக் கோணக் கண்ணாடி தூரத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், திரையில் மையக்கோடு ஒட்டிப் பழக வேண்டும். பள்ளத்தாக்கின் தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் புழுதியைத் துடைப்பதும் அன்றாட வேலையாகும்.

கைகாட்டுபவர்: ஓட்டுநருக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். தூக்கிய சுமைக்கு அடியிலோ, பேலட்டுக்கும் சுவருக்கும் இடையிலோ நிற்கக் கூடாது. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

நுழையும் முறை

ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிறது. டிராக்டர் முன்சக்கரத்தால் திரும்புகிறது. கரமோ அதற்கும் முன்னால் நீண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கைச் சற்று ஒடித்தாலும் நுனி பக்கவாட்டில் அதிகமாக வீசும். ஆகவே கடைசி நான்கைந்து மீட்டரை நேராகவே கடக்க வேண்டும். ஒரு மீட்டர் முன்பே நிறுத்தி, மட்டக்குறியையும் உயரத்தையும் சரிபார்த்து, குறைந்த கியரில் மெல்ல நுழைய வேண்டும். எஞ்சின் வேகம் குறைவாக இருந்தால் ஹைட்ராலிக்கும் நிதானமாக இயங்கும். உள்ளே போன பிறகு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. கோணலாகிவிட்டால் பின்வாங்கி மறுபடி வருவதே சரி.

தூக்கிய பின் கரத்தைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து, தரையை ஒட்டியே கொண்டுசெல்ல வேண்டும். திராட்சைப் பந்தலுக்கு அடியில் தூக்கினால் கம்பியில் மாட்டும்; ஏற்றும் இடத்தைப் பந்தலுக்கு வெளியே அமைப்பது அவசியம்.

நிலைத்தன்மை

லோடரின் தூக்குதிறன் பெரும்பாலும் அதன் இணைப்பு முளையில் கணக்கிடப்படுகிறது. பேலட்டின் எடை மையம் கரத்தின் பின்முனையிலிருந்து சுமார் 500 மி.மீ. தள்ளி இருப்பதால் உண்மையில் தூக்கக்கூடியது அதைவிடக் குறைவு. ஃபோர்க் சட்டத்தின் எடையையும் கழிக்க வேண்டும். பின்னால் எதிர்எடை இல்லாவிட்டால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், முன் அச்சு அமுங்கும், ஸ்டீயரிங் கனக்கும், துல்லியமும் போய்விடும். தானே மட்டம் காக்கும் இணைப்பு இல்லாத லோடரில், உயர்த்த உயர்த்தக் கரம் பின்னோக்கிச் சாய்ந்து பெட்டிகள் ஓட்டுநர் மேலேயே சரியக்கூடும். ஏறும்போதே சாய்வைத் திருத்த வேண்டும்.

பராமரிப்பு

கரத்தின் வளைவுப் பகுதி பத்து சதவீதம் தேய்ந்தால் அதைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர நெறி. 40 மி.மீ. தடிமன் 36 ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரு நுனிகளின் உயர வேறுபாடு கரநீளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே நெறி. 1,200 மி.மீ. கரத்துக்கு அது 36 மி.மீ. பாதுகாப்புக்கு அது எல்லை, 60 மி.மீ. இடைவெளியில் நுழைய வேண்டிய ஓட்டுநருக்கோ அதில் பாதியே அதிகம். முளைகளும் புஷ்களும் தளர்ந்தால் மட்டக்குறியும் பொய் சொல்லும். அதனால் முளைகளை மாற்றிய ஒவ்வொரு முறையும் சிமென்ட் தளத்தில் கரத்தைப் படிய வைத்துக் கோட்டைப் புதிதாகப் போட வேண்டும்.