உணவுக்குழாய்ச் சுருள்சிரை இரத்தப்போக்கு: சிகிச்சை வளர்ந்த வரலாறு

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் முற்றியவர் திடீரென இரத்த வாந்தி எடுப்பதுண்டு. பெரும்பாலும் வலி இருக்காது. ஒரு காலத்தில் இப்படி இரத்தம் கக்கியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நால்வர் ஆறு வாரங்களுக்குள் இறந்தனர். இன்று அது பத்துக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரணம்

குடலிலிருந்து வரும் இரத்தம் வாயிற்சிரை வழியாகக் கல்லீரலுக்குள் செல்கிறது. மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலோ, கொழுப்பு படிவதாலோ கல்லீரல் தழும்பேறி இறுகினால் அந்த வழி அடைபடுகிறது. மதகு அடைத்த வாய்க்காலில் நீர் கரையைத் தேடுவதுபோல, இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளுக்குள் திரும்புகிறது. அவை புடைத்துச் சுருள்கின்றன. அழுத்தம் 12 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும்போது வெடிக்கும் ஆபத்து உண்டு.

அறுவை சிகிச்சைக் காலம்

1877இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் எக் நாய்களில் வாயிற்சிரையைப் பெருஞ்சிரையுடன் இணைத்துக் காட்டினார். 1945இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் குழுவினர் இதை நோயாளிகளுக்குச் செய்தனர். இரத்தப்போக்கு நின்றது. ஆனால் கல்லீரல் சுத்திகரிக்காத இரத்தம் மூளையை எட்டியதால் பலருக்கு மனக்குழப்பமும் மயக்கமும் வந்தன. 1950இல் செங்ஸ்டாகன், பிளேக்மோர் இருவரும் பலூன் பொருத்திய குழாயை அறிமுகப்படுத்தினர். பலூன் ஊதியிருக்கும்வரை இரத்தம் நிற்கும். காற்றை இறக்கியதும் பலருக்கு மீண்டும் கசியும். இன்றும் அது தற்காலிகத் தடுப்பாகவே பயன்படுகிறது.

நம் மாநிலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறை வளரக் காரணமாக இருந்தவர் மருத்துவர் என். ரங்கபாஷ்யம்.

மருந்தும் வளையமும்

1939இலேயே சுவீடனில் கிராஃபோர்டு, ஃபிரெங்க்னர் இருவரும் சுருள்சிரைக்குள் மருந்தை ஊசியாகச் செலுத்தியிருந்தனர். வளையும் எண்டோஸ்கோப் வந்த பிறகே அம்முறை பரவியது. 1980களின் தொடக்கத்தில் பாரிஸில் லெப்ரெக் குழுவினர், இதய மருந்தான புரோப்ரனலால் மறு இரத்தப்போக்கைக் குறைப்பதைக் காட்டினர். 1986இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஸ்டீக்மன், மூலநோய்க்கு ரப்பர் வளையம் போடும் உத்தியை உணவுக்குழாய்க்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் முதன்மை முறை இதுவே. அதிலும் அடங்காதவர்களுக்குக் கழுத்துச் சிரை வழியே கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைக்கும் டிப்ஸ் முறை 1988இல் ஜெர்மனியில் தொடங்கியது.

மதிப்பிடும் முறை

1964இல் சைல்டு, டர்கோட் வகுத்து, 1973இல் பியூ திருத்திய அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் வைத்து நோயாளி ஏ, பி, சி என வகைப்படுத்தப்படுகிறார். சிரையின் பருமனும் அதன்மேல் உள்ள சிவப்புத் தடங்களும் எண்டோஸ்கோப்பியில் தெரியும். எல்லோருக்கும் அது தேவையில்லை என்று 2015இல் இத்தாலியின் பவேனோ மாநாட்டுக் குழு கூறியது. ஃபைப்ரோஸ்கேன் அளவு 20க்குக் கீழும் தட்டணுக்கள் 1,50,000க்கு மேலும் இருந்தால் ஆபத்தான சுருள்சிரை இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இரத்தம் கக்கும்போது

மருத்துவமனையில் முதலில் மூச்சுவழி காக்கப்படும். டெர்லிபிரெசின் அல்லது ஆக்ட்ரியோடைட், கூடவே நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்து ஆகியவை உடனே தொடங்கப்படும். நிலை சீரானதும் 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்யப்படும். இரத்தம் ஏற்றுவதிலும் அளவு உண்டு. ஹீமோகுளோபின் 7க்குக் குறைந்தால் ஏற்றுவதே பொதுவாக நல்லது என்று 2013இல் பார்சிலோனா ஆய்வு காட்டியது. அதிகம் ஏற்றினால் வாயிற்சிரை அழுத்தம் கூடி மீண்டும் கசியும். "ஏன் இன்னும் இரத்தம் ஏற்றவில்லை?" என்று கேட்கும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நம் பகுதியில்

கிளியனூர் திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ளது. அதே சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அது, 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கப்பட்டது. 2008 முதல் 108 ஊர்தியும் ஓடுகிறது. ஆகவே இன்று பெருந்தடை தூரம் அன்று, தாமதமே.

அத்தாமதத்துக்கு ஒரு காரணம், தார்போன்ற கரிய மலத்தை "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுவது. இன்னொன்று கீழாநெல்லி மீதுள்ள நம்பிக்கை. 1988இல் சென்னை ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லி பற்றிய ஓர் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டனர். அது பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எப்படியாயினும் அந்த ஆய்வு வைரஸைப் பற்றியது. வெடித்த சிரையை எந்த மூலிகையும் கட்டாது.

இரத்த வாந்தி எடுத்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். நூறாண்டுக்கு மேலாகப் பல நாட்டார் சேர்த்துவைத்த அறிவு, நோயாளி நேரத்தோடு மருத்துவமனை வாசலை அடைந்தால்தான் அவருக்குப் பயன்படும்.