அறிதுயிலும் அலுப்பும்

அறிதுயில் என்றால் நம்மவர்க்குப் பாற்கடலும் பாம்பணையும் நினைவுக்கு வரும். அன்றேல் திருவிழாக் கொட்டகையில் சிறுவனைத் தூங்கவைத்துக் கேள்வி கேட்கும் வித்தைக்காரன் நினைவுக்கு வருவான். வைத்தியம் நினைவுக்கு வருவதேயில்லை. ஆயினும், ஹிப்னாடிசம் என்று ஐரோப்பியர் பின்னர்ப் பெயரிட்ட இம்முறையை மாயத்தினின்று பிரித்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவர் ஓர் இந்தியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கோவாவிலுள்ள காந்தோலிம் என்னும் ஊரில் 1756-ல் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியாரே அவர். அவருக்கு முன் மெஸ்மர் என்பவர், வைத்தியன் உடலிலிருந்து ஒருவகைக் காந்தத் திரவம் நோயாளிக்குள் பாய்கிறது என்று சொல்லிப் பெரும்புகழ் ஈட்டியிருந்தார். பிராங்க்ளினும் லவாய்சியரும் அங்கம் வகித்த அரச குழு 1784-ல் அத்தகைய திரவம் இருப்பதற்குச் சான்றே இல்லையெனத் தீர்ப்பளித்தது. ஃபாரியாவோ 1813-ல் பாரிஸில் சொற்பொழிவாற்றத் தொடங்கி, வைத்தியனிடம் எவ்விதச் சக்தியும் இல்லை, துயில்வோனின் மனமே துயிலுக்குக் காரணம் என்றார். பாதிரியார் ஒருவர் அற்புதத்தை மறுத்துப் பேசியது நமக்கு வியப்பே! நகைப்புக்கு ஆளான அவர் 1819-ல் மாண்டார். 1945-ல் பஞ்சிமில் அவருக்கு எழுப்பிய சிலையோ, ஒரு பெண்ணின்மீது கைகளை நீட்டி ஏதோ சக்தியைச் செலுத்துபவர் போலவே அவரைக் காட்டுகிறது.

வங்காளத்தில், குளோரோபாரம் வருமுன், 1845 ஏப்ரலில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற கம்பெனி டாக்டர் ஹூக்ளியில் ஒரு கைதியை இவ்வாறு மயக்கி அறுவை செய்தார். அடுத்த ஆண்டே சர்க்கார் அவருக்குக் கல்கத்தாவில் ஒரு சிறு ஆஸ்பத்திரியும் கொடுத்தது. மணிக்கணக்காக நோயாளியின்மேல் கையை வீசும் வேலை களைப்பூட்டுவதால் அதை இந்திய உதவியாளரிடம் ஒப்படைத்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது துரையின் பெயரை. தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இது புதிதன்று.

இனி அலுப்புக்கு வருவோம். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே அழிந்துபோகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயை 1868-ல் பாரிஸ் டாக்டர் ஷார்கோ தெளிவாக விவரித்தார். அவரே பின்னாளில் ஹிப்னாடிசத்தையும் ஆராய்ந்தார். ஆனால் அது ஹிஸ்டீரியா நோயாளிகளுக்கே உரிய நிலை எனக் கருதிவிட்டார். நான்சி நகரத்துப் பெர்ன்ஹைம், நலமுள்ளோரும் அவ்வாறு துயில்வர் எனக் காட்டினார். ஃபாரியாவின் கட்சியே வென்றது.

இந்நோயாளரை மிகுதியும் வாட்டுவது களைப்பு. உறையிழந்த நரம்பில் செய்தி தடுமாறிச் செல்கிறது. உடற்சூடு ஏறினால் இன்னும் தடுமாறும். உடலுழைப்பால் இந்நோயாளரின் பார்வை சற்று நேரம் மங்குவதை ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண்வைத்தியர் 1890-லேயே குறித்துள்ளார்; சூடே அதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. லாபிஸ் வெயிலில் அது எப்படியிருக்கும் என நாம் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் இந்நோய் ஐரோப்பாவைவிட அரிது. அரிதாகையால் எளிதில் அடையாளம் காணப்படுவதுமில்லை. விடியற்காலைப் பெரட்டில் ‘எழ முடியவில்லை’ என்பவனுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி. அவன் வீட்டார் தேடுவது தாயத்து.

அறிதுயில் அழிந்த உறையைப் புதுப்பிக்காது. அவ்வாறு உறுதி கூறுபவன் புதிய மெஸ்மரே. உடலைத் தளர்த்தி, நல்லுறக்கத்தையும் அமைதியையும் மனத்தில் ஊன்றுவதால், களைப்பைப் பெருக்கும் கவலையும் வலியும் உறக்கக்கேடும் சிலருக்குக் குறையலாம். இந்நோயாளரிடை நடந்த ஆராய்ச்சிகள் சிறியன. ஆகவே நரம்பு வைத்தியரின் மருந்தோடும், அளவான பயிற்சியோடும், உடலைக் குளிர்வித்தலோடும், வேலைக்கிடையே ஓய்வோடும் சேர்த்தே அதைக் கொள்ளவேண்டும். பயின்ற பின் நோயாளி தனியே, தன் வீட்டுத் திண்ணையிலேயே, வேறெவர் கையும் வீசாமல் அதைச் செய்துகொள்ளலாம்.