வாடகை வவுச்சர் திட்டம் (அமெரிக்கா)

குறைந்த வருமானக் குடும்பங்கள் தனியார் வீடுகளில் குடியிருப்பதற்கு வாடகையின் ஒரு பகுதியை அரசு ஏற்கும் திட்டம். மக்கள் வழக்கில் ‘எட்டாம் பிரிவு’ எனப்படும். பணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. திட்டத்தை நடத்துபவை ஊர்தோறும் உள்ள வீட்டுவசதி ஆணையங்கள். இவை 2,000-க்கும் மேற்பட்டவை. பயன்பெறும் குடும்பங்கள் ஏறத்தாழ 23 லட்சம்.

தோற்றம்

1937 செப்டம்பர் 1 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட வீட்டுவசதிச் சட்டம், ஏழைகளுக்கான குடியிருப்புகளைக் கட்டி நடத்தும் பொறுப்பை உள்ளூர் ஆணையங்களிடம் விட்டது. அரசே வீடு கட்டுவதைவிட வாடகைச் சான்றிதழ் கொடுத்தால் போதும் என்று வீட்டுமனைத் தொழில்துறையினர் அப்போதே வாதிட்டனர். வவுச்சரின் வித்து அந்த வாதத்தில்தான் இருக்கிறது என்போர் உண்டு. தனியார் வீடுகளை ஆணையங்களே குத்தகைக்கு எடுத்து ஏழைகளுக்கு விட வழிசெய்த 1965-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரலாற்றைத் தொடங்குவோரும் உண்டு. 1969-இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், பொதுக் குடியிருப்புகளின் வாடகை, குடும்ப வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 1981-இல் இந்த வரம்பு 30 ஆனது.

சோதனைக் காலம்

வீடு கட்டித் தராமல் குடும்பத்தின் கையில் உதவித்தொகையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டறிய, 1970-களில் மூன்று சோதனைகள் நடந்தன. ஒரு சமூகத் திட்டத்தை இவ்வளவு விரிவாகச் சோதித்துப் பார்த்தது அரிது.

முதல் சோதனை பிட்ஸ்பர்க், ஃபீனிக்ஸ் நகரங்களில் நடந்தது. சில குடும்பங்களுக்கு நிபந்தனையின்றிப் பணம் தரப்பட்டது. வேறு சிலருக்கு, குடியிருக்கும் வீடு குறிப்பிட்ட தரத்தில் இருந்தால் மட்டுமே தரப்பட்டது. நிபந்தனையில்லாத பணத்தில் சிறு பங்கே வாடகைக்குப் போனது. மீதி மற்ற செலவுகளுக்கு ஆனது.

இரண்டாவது, கிரீன் பே, சவுத் பெண்ட் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இரு மாவட்டங்களில் நடந்தது. முதலாவதில் காலி வீடுகள் குறைவு. மற்றதில், ஸ்டூட்பேக்கர் கார் ஆலை 1963-இல் மூடப்பட்டபின் வீடுகள் மிஞ்சிக் கிடந்தன. தகுதியுள்ள எல்லோருக்கும் உதவி உண்டு என்று அறிவித்தால் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. இரண்டு இடங்களிலும் வாடகை பெரிதாக உயரவில்லை. ஆனால் தகுதியுள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சேர்ந்தனர்.

இங்கும் உதவி பெற வீடு தர ஆய்வில் தேற வேண்டும். தேறாத வீடுகள் பலவற்றில் இருந்த குறைகள் சிறியவை: மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, சன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது. குடியிருப்பவரோ வீட்டுக்காரரோ உறவினரோ கையிலுள்ள சாமான்களைக் கொண்டு சரிசெய்துவிட்டு, மறுபடி ஆய்வாளரை அழைத்தனர். உதவித்தொகை வருவதற்கு முன்பே வீட்டிலிருந்த முதியவருக்குப் படியேறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்துவிட்டது.

மூன்றாவது சோதனை, இத்தகைய திட்டத்தை உள்ளூரில் எப்படி நடத்துவது என்பதையே கேள்வியாக எடுத்துக்கொண்டது. சேலம் (ஆரிகன் மாநிலம்), டல்சா, சான் பெர்னார்டினோ, ஜாக்சன்வில், ஸ்பிரிங்ஃபீல்டு, பியோரியா, டர்ஹம், பிஸ்மார்க் ஆகிய எட்டு இடங்களில் நடத்துநர்களாக வீட்டுவசதி ஆணையம், மாவட்ட அல்லது நகர நிர்வாகம், மாநில வளர்ச்சித் துறை, சமூகநலத் துறை என நால்வகை அலுவலகங்கள் அமர்த்தப்பட்டன. விண்ணப்பம் வாங்குவது, வருமானத்தைச் சரிபார்ப்பது, வீட்டை ஆய்வது ஆகியவற்றை அவரவர் முறைப்படி செய்ய விட்டனர். ஜாக்சன்வில்லில் மட்டும், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வீடு கிடைக்காமல் திரும்பினர். கறுப்பினக் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். ஆய்வாளர்களின் கண்டிப்பு, நல்ல வீடுகளின் பற்றாக்குறை, நிறப் பாகுபாடு என மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது முதன்மை என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை.

சட்டமாதல்

சோதனை முடிவுகள் முழுமையாக வருமுன்பே, 1974 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தி வாடகைச் சான்றிதழை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1983-இல் வவுச்சர் சோதனையாக வந்து 1987-இல் நிலைபெற்றது. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சான்றிதழ், வவுச்சர் இரண்டையும் ஒன்றாக்கியது.

நடைமுறை

காத்திருப்போர் பட்டியலில் பெயர் வரும் குடும்பத்துக்கு ஆணையம் வவுச்சர் தருகிறது. வீடு தேட குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. வீட்டுக்காரர் சம்மதித்து, வீடு ஆய்வில் தேறி, வாடகை அக்கம்பக்க வாடகையோடு பொருந்தினால் ஒப்பந்தம் கையெழுத்தாகும். கழிவுகள் போக மாத வருமானம் 1,200 டாலர், வாடகை ஆணையத்தின் உச்சவரம்புக்குள் 1,100 டாலர் என்று கொண்டால், குடும்பம் வருமானத்தில் 30 விழுக்காடான 360 டாலர் தரும். மீதி 740 டாலரை ஆணையம் நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பும். புதிதாகச் சேர்க்கப்படுவோரில் நான்கில் மூன்று பங்கினர் மிகக் குறைந்த வருமானப் பிரிவினராக இருக்க வேண்டும்.

அவகாசத்துக்குள் வீடு அமையாவிட்டால் வவுச்சர் காலாவதியாகும். பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற சீட்டு அது. வவுச்சர் என்றாலே கதவடைக்கும் வீட்டுக்காரர்களைத் தடுக்கச் சில மாநிலங்களும் நகரங்களும் சட்டம் இயற்றியுள்ளன.

இடம்பெயர்வு பற்றிய விவாதம்

1994-இல் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களில் சுமார் 4,600 குடும்பங்களுடன், வவுச்சரோடு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்தால் என்ன ஆகும் என்று அறிய ஓர் ஆய்வு தொடங்கியது. வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களின் சம்பாத்தியம் உயரவில்லை. 13 வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தனர் என்று 2015-இல் ஒரு பகுப்பாய்வு கூறியது. இதை எந்த அளவுக்குப் பொதுமைப்படுத்தலாம் என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

அண்மைக் காலம்

தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே ஏதேனும் வாடகை உதவி கிடைக்கிறது. கொரோனா காலத்தில், 2021-இல், வீடற்றோருக்கும் வீடிழக்கும் நிலையிலிருந்தோருக்கும் 70,000 அவசர வவுச்சர்கள் வழங்க வழி செய்யப்பட்டது. 2023-இல் வீட்டு ஆய்வுக்குப் புதிய தரவிதிகள் வெளியாயின. மாடிப்படிக் கைப்பிடி அவற்றிலும் இடம்பெற்றுள்ளது.