ஊரை அறிந்த வைத்தியர்

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கரையோரத் தமிழ்க் கிராமம் கோமாரி. இவ்வூரார் ஒருவர் நோயுற்றால் நாடிச் செல்லத்தக்க அரசினர் வைத்தியசாலைகள் பல உள. தெற்கே பொத்துவில், வடக்கே திருக்கோவிலும் அக்கரைப்பற்றும், அப்பாற் கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும். எங்கும் கட்டணமில்லை. ஆயினும், 'உங்கள் வைத்தியர் யார்?' என்று வினவின், அவர் எவர் பெயரைச் சொல்வார்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

மேனாட்டு வைத்தியம் வேரூன்றுமுன், கிழக்கிலங்கையின் தமிழூர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் பரிகாரியாரே வைத்தியர். நாடி பார்க்குமுன்பே, நோயாளியின் தந்தைக்கு இழுப்பு இருந்ததையும், சென்ற மாரியில் அவர் காய்ச்சலிற் கிடந்ததையும் அவர் அறிந்திருப்பார். அவர்தம் மருந்துகள் யாவும் பயன் தந்தன எனல் பொருந்தாது. வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் முன் அவர் கையற்றே நின்றார். ஆனால் நோயாளியைத் தொடர்ந்து அறிதல் என்பது அவரிடம் இருந்தது. ஆரம்ப வைத்தியத்தின் சிறப்பென இன்றைய நூல்கள் கூறுவனவற்றிற் பாதி அதுவே.

இவ்வறிவோடு புதிய வைத்தியத்தை இணைக்க முயன்றவருள் முதலிடம் பெறுபவர் டாக்டர் சாமுவேல் கிறீன். அமெரிக்க மிசனைச் சேர்ந்த அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் பயிற்றியவர், பின்னர் 1864 அளவில் தமிழுக்கு மாறினார். நாம் கிறீனைக் கலைச்சொல்லாக்க முன்னோடியாக மட்டுமே போற்றிப் பழகிவிட்டோம். கலைச்சொல் அவருக்கு ஒரு கருவி. ஆங்கிலத்திற் கற்றோர் அரச சேவையையும் பட்டினத்தையும் நாடுவர், தமிழிற் கற்றோர் தம்மவரிடையே தங்குவர் என்பதே அவர் எண்ணம். வைத்தியர் ஊரில் இருத்தல் வேண்டும் என்ற கவலையிலிருந்து தமிழ் வைத்திய நூல்கள் பிறந்தன என்பது, தமிழ் மாணவராகிய நாம் ஊன்றி நோக்கற்பாலது. 1873 இல் அவர் தாயகம் திரும்பினார்.

அரசு வேறொரு வழியே சென்றது. 1858 இல் நிறுவப்பெற்ற சிவில் வைத்தியத் திணைக்களத்தின் கீழ், கிராமப்புற மருந்தகங்களில் அப்போதிக்கரிமார் அமர்த்தப்பட்டனர். பட்டம் பெறாதவரெனினும் ஊருக்கு அவர்களே 'டொக்டர்'. 1926 இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு என்னும் புதிய முறை தொடங்கிற்று. ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டதாக மதிக்கப்படும் 1934–35 மலேரியாப் பெருநோய்க்குப் பின் அம்முறை நாடெங்கும் விரிந்தது. குறித்த எல்லைக்குள் வாழும் தாயரும் சேயரும் ஒரு மருத்துவ மாதின் பொறுப்பாயினர். அவர் வீடு தேடிச் சென்றார், பெயரைப் பதிந்தார், மீண்டும் சென்றார். 1935 இல் ஆயிரம் பிறப்புக்கு 263 ஆக இருந்த சிசு மரணம் இன்று பத்துக்கும் கீழே இறங்கியமைக்கு, கல்வியும் மலேரியா ஒழிப்பும் துணைநின்றன எனினும், இவ்வேற்பாட்டின் பங்கு சிறிதன்று.

1951 இல் வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் தாய்க்கும் சேய்க்கும் கிடைத்த 'குறித்த ஒருவர்', நோயுற்ற முதியவருக்குக் கிடைக்கவில்லை. அவர் எவ்வைத்தியசாலைக்கும் செல்லலாம்; எங்கும் அவர் புதியவரே. மலேரியாக் காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. கொயினா எவர் கொடுப்பினும் கொயினாவே. மலேரியா ஒழிந்த நாடென 2016 இல் இலங்கை சான்றுபெற்றது. இன்று எம்மவரை வருத்தும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்கும்படி வேண்டுவன. நோயாளியின் வரலாறோ அவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியில் மட்டுமே இருக்கின்றது. 2004 ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் வீடுகளை அள்ளிச் சென்றபோது அத்தகைய கொப்பிகளும் உடன் சென்றன.

வைத்தியர் நோயாளியை அறிந்திருத்தலால் உண்மையில் விளையும் பயன் யாது? நோர்வேயில் 2001 முதல் ஒவ்வொரு குடிமகனும் ஒரு வைத்தியரின் பட்டியலிற் பதியலாம். அங்கு 2021 இல் வெளியான ஆய்வொன்று, ஒரே வைத்தியரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்தோரை ஓராண்டே இருந்தோருடன் ஒப்பிட்டது. முன்னையோரிடையே இறப்பு ஏறத்தாழ 25 வீதமும், அவசர வைத்தியசாலை அனுமதி 28 வீதமும் குறைவாகக் காணப்பட்டன. நலமாயிருந்தோரே வைத்தியரை மாற்றாதிருந்தனரோ என்னும் ஐயம் முற்றாகத் தீர்வதில்லை. எனினும் காலம் நீள நீளப் பயனும் மிகுதல் புறக்கணிக்கத்தக்கதன்று.

2018 இல் வகுக்கப்பட்ட இலங்கையின் சுகாதாரக் கொள்கை இத்திசையிலேயே செல்கின்றது. பெரிய வைத்தியசாலையொன்றைச் சூழ்ந்த சிறியனவற்றை ஒரு தொகுதியாக்கி, ஒவ்வொன்றின் கீழும் குறித்த மக்களைப் பதிதல் அதன் ஏற்பாடு. பதிவேடு மக்களை வைத்தியசாலையுடன் பிணைக்கும். வைத்தியரை ஊருடன் பிணைத்தல் வேறு காரியம். கடற்கரைக் கிராமத்திற் கடமையேற்கும் இளம் வைத்தியர், தங்க நல்ல விடுதியும் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இன்றேல் இடமாற்றம் கோருதல் இயல்பு. 2022 நெருக்கடியின் பின் பலர் நாட்டையே விட்டு நீங்கினர். மானிப்பாயிற் கிறீன் எதிர்கொண்ட சிக்கலும் இதுவே. அவர் மொழியைக் கொண்டு அதனைத் தீர்க்க முயன்றார்.