போவாஸ் எழுதிய கடிதம்

1919 அக்டோபரில் எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்ஸ் போவாஸ். டிசம்பர் 20 தேதியிட்ட 'தி நேஷன்' இதழில் அச்சேறியது. முதல் உலகப் போரின்போது குறைந்தது நான்கு அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆராய்ச்சி என்ற போர்வையில் வெளிநாட்டில் உளவு பார்த்திருக்கிறார்கள், இனி நேர்மையாக ஆய்வுக்குப் போகிறவரையும் ஊரார் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்பது சாரம். ஒருவர் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை.

பெயர்கள் பின்னால் வெளிவந்தன. அவர்களில் சில்வேனஸ் மோர்லி, மாயா நாகரிக ஆய்வில் பெயர்பெற்ற தொல்லியலாளர். இடிபாடுகளைப் பார்க்கப் போகிறேன் என்று மத்திய அமெரிக்கக் கரையோரமாக அலைந்து, ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தளம் ஏதும் இருக்கிறதா என்று தேடினார். கடற்படை உளவுப் பிரிவில் அவர் 53ஆம் எண் ஏஜென்ட்.

இதழ் வெளிவந்த பத்தாம் நாள், ஹார்வர்டில் அமெரிக்க மானிடவியல் சங்கம் கூடியது. 1902இல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் போவாஸும் ஒருவர், தலைவராகவும் இருந்தவர். உளவு பார்த்தவர்களை விசாரிப்பார்கள் என்று பார்த்தால், கண்டனத் தீர்மானம் கடிதம் எழுதியவர்மேல் பாய்ந்தது. எதிர்த்து விழுந்தவை 10 வாக்குகள். ஆதரவு அதைப்போல் இருமடங்கு. ஆதரித்தவர்களில் மோர்லி, சாமுவேல் லோத்ரப், ஹெர்பர்ட் ஸ்பிண்டன் என்று மூன்று உளவாளிகளும் அடக்கம்! நான்காமவரான ஜான் ஆல்டன் மேசன் மட்டும் அதில் சேரவில்லை. நாட்டுப்பற்றால் செய்துவிட்டேன் என்று பிறகு போவாஸுக்கே விளக்கம் எழுதினார்.

தேசபக்திச் சூடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. போவாஸ் ஜெர்மனியில் பிறந்த யூதர், போரை வெளிப்படையாக எதிர்த்தவர். துறையில் அவர் கை ஓங்கி வந்தது வாஷிங்டன், ஹார்வர்டு ஆட்களுக்கு ஏற்கெனவே உறுத்தல். பழைய கணக்கைத் தீர்க்க இந்தக் கடிதம் வாகாகக் கிடைத்தது. ஆட்சிக் குழுவிலிருந்தும் அவரை நீக்கினார்கள். ஆனால் அவருடைய மாணவர்களான ராபர்ட் லோவி, ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட் மூவரும் பிற்காலத்தில் அதே சங்கத்துக்குத் தலைவர்களானார்கள்.

1942இல் போவாஸ் இறந்தபோதும் கண்டனம் பதிவேட்டில் அப்படியே இருந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1971இல் சங்கம் நெறிமுறை வகுத்தது: ரகசிய ஆய்வு கூடாது, ஆய்வுக்கு உட்படும் மக்களுக்கே முதல் கடமை. கடிதம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அப்போதும் கண்டனத்தைத் தொட யாருக்கும் தோன்றவில்லை. 2005இல்தான் உறுப்பினர்கள் வாக்களித்து அதை ரத்து செய்தார்கள்.

2007இல் அமெரிக்க ராணுவம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைப்பிரிவுகளோடு மானிடவியலாளர்களை அனுப்பியபோது, சங்கத்தின் செயற்குழு அந்தத் திட்டத்தை ஏற்க முடியாது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. திட்டம் என்னவோ 2014 வரை ஓடியது.