மிதிவண்டி சுமந்த பாரம்

நான் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் மிதிவண்டி வேகத்திற்கென ஏற்பட்டதன்று; சுமைக்கென ஏற்பட்டது. நெய்து முடித்த சேலையைத் துணியில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படும் நெசவாளர், திரும்புகையில் பட்டு நூலும் சரிகையும் கொண்டுவருவார். ஆகவே வண்டியோட்டி ஒருவரின் புகழைக் கேட்டால், அவர் எதைச் சுமந்தார் என்றே என் மனம் வினவும்.

ஜீனோ பார்த்தாலி 1914 ஜூலை 18 அன்று, இத்தாலியில் பிளாரன்சு நகரை அடுத்த பொந்தே அ எமா என்னும் சிற்றூரில் பிறந்தார். பந்தயமே அவருக்குத் தொழிலாயிற்று. இத்தாலியைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் 1936, 1937, 1946 ஆகிய ஆண்டுகளில் வென்றார். முதல் வெற்றி கண்ட 1936-ஆம் ஆண்டிலேயே அவருடைய தம்பி ஜூலியோ பந்தய விபத்தில் மாண்டார். ஓட்டத்தையே துறந்துவிட எண்ணிய பார்த்தாலி, பின்னர் மனந்தேறி 1938-இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தையும் வென்றார்.

அடுத்துப் போர் வந்தது. அவருடைய இளமையின் சிறந்த ஆண்டுகளை அது விழுங்கிற்று. 1948-இல் அவர் மீண்டும் பிரான்சுக்குச் சென்றபோது முதிர்ந்த வீரர் என்றே பலரும் கருதினர். ஜூலை 14 அன்று, முதலிடத்தில் இருந்த லூயிசோன் போபேக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். அன்றே ரோமாபுரியில் பொதுவுடைமைத் தலைவர் பல்மீரோ தொக்லியாத்தி சுடப்பட்டார். இத்தாலியெங்கும் வேலைநிறுத்தமும் கலகமும் மூண்டன. மறுநாள் பார்த்தாலி ஆல்ப்சு மலைகளில் ஏறி வென்றார். அதற்கு மறுநாள் முதலிடத்தையும் பற்றினார். இறுதியில் அவர் வென்றது இருபத்தாறு நிமிட வேறுபாட்டில்! முதல் வெற்றிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே பத்தாண்டுகள்.

நாட்டை உள்நாட்டுப் போரினின்று காத்தவர் அவரே என்று சொல்வாரும் உண்டு. அது மிகை. காயமுற்ற தொக்லியாத்தியே தம் தோழர்களை அமைதி காக்கச் சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது. வெற்றிச் செய்தி மக்கள் மனத்தை ஓரளவு ஆற்றியிருக்கலாம், அவ்வளவே.

அவருடைய பெருமை வேறோரிடத்தில் இருந்தது. 1943-இல் செர்மானியப் படை இத்தாலியைக் கைப்பற்றியபின் யூதர்கள் வேட்டையாடப்பட்டனர். பிளாரன்சுப் பேராயர் எலியா தல்லா கோஸ்தா அமைத்த மறைவான உதவிப் பணியில் பார்த்தாலியும் சேர்ந்தார். பயிற்சிக்குச் செல்பவர் போல நெடுந்தூரம் ஓட்டிச் சென்று, போலி அடையாளத் தாள்களைக் கொண்டு சேர்த்தார். அவை வண்டியின் குழாய்களுக்குள் சுருட்டி ஒளிக்கப்பட்டிருந்தன. பிடிபட்டிருந்தால் உயிர் தப்புவது அரிது. யூதக் குடும்பம் ஒன்றுக்குத் தம் பொறுப்பில் மறைவிடமும் அளித்தார்.

நாற்பதாம் வயதில் பந்தயத்தினின்று ஓய்ந்து, 2000 மே 5 அன்று மறைந்தார். தாம் பெற்ற கோப்பைகளை உலகம் பேசக் கேட்டார். இத்தொண்டைத் தாமாக விளம்பரப்படுத்தவில்லை. எருசலேமின் யாத் வாஷேம் நிறுவனம் 2013-இல், அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், அவரைச் சான்றோர் வரிசையில் சேர்த்தது.

எங்கள் ஊரில் விவரமறிந்தவர் சேலையின் முகப்பை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார்; திருப்பிப் பார்ப்பார். கரையும் உடலும் இணைந்த கோர்வையின் உறுதி அடிப்புறத்தில் தெரியும். பார்த்தாலியின் வெற்றிகள் முகப்பு. குழாய்க்குள் இருந்த அத்தாள்களே அடிப்புறம். வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோரும் ஒருமுறை திருப்பிப் பார்த்தல் நன்று.