தாய்லாந்து எழுத்துக்கு ஒரு கார்டு, தமிழுக்கு ஒரு கார்டு

கொஞ்சம் நீளமான பதிவு. மாலையில் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஆரணியிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். பட்டுப் புடவைக்குக் கரை, முந்தி டிசைன் போட்டுத் தருவதுதான் அவர் தொழில். பன்னிரண்டு வருடப் பழைய கணினி. மதர்போர்டிலேயே இருந்த டிஸ்ப்ளே பழுதாகித் திரை முழுக்கக் கோடு கோடாக வர, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை விலைக்கு வாங்கிச் சொருகியிருக்கிறார். காற்றாடி சுற்றுகிறது, திரையோ கருப்பாகவே நிற்கிறது. கடையில் காட்டினால் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்களாம். தீபாவளி ஆர்டர் கையில் இருக்கும்போது அத்தனை பணத்துக்கு எங்கே போவார்?

போனிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டின் பழைய துளையிலேயே இருந்தது. அதைக் கார்டில் மாற்றியும் படம் வரவில்லை. ஸ்பீக்கரில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றார். டிஸ்ப்ளே கார்டில் கோளாறு என்பதற்கு ஐ.பி.எம். தன் முதல் கணினிகளில் வைத்த அடையாளம் அது. பல மதர்போர்டுகள் இன்றும் அதையே பின்பற்றுகின்றன.

சரி, கார்டின் முனையில் ஆறு ஊசி கொண்ட ஒரு துளை சும்மா இருக்கிறதா? இருக்கிறது. காரணம் அங்கேதான். கார்டு சொருகும் இடம் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது: 1981இல் ஐ.எஸ்.ஏ., 1992இல் பி.சி.ஐ., 1997இல் ஏ.ஜி.பி., 2004 முதல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். இந்தக் கடைசி வகையில் நீளமான பெரிய துளை கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். இவருடைய சின்னப் பவர் சப்ளையில் அந்த வயரே கிடையாது. தனி வயர் தேவைப்படாத சிறிய கார்டாக மாற்றி வாங்கச் சொன்னேன். அன்று மாலையே படம் வந்துவிட்டது. (பழைய பயாஸ் மட்டும் உள்ள மதர்போர்டில் மிகப் புதிய கார்டு சில நேரம் படமே காட்டாது. வாங்கும்போது அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இதை நான் எழுதக் காரணம் அவருடைய அப்பா. தறியில் உட்கார்ந்தபடியே போனை வாங்கி, "இந்தக் கார்டெல்லாம் பசங்க கேம் ஆடறதுக்குத்தானே சார்?" என்றார். இன்று அப்படித்தான் தோன்றும். ஆனால் இதன் பழைய கதை வேறு.

ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கணினியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டபோது இரண்டு டிஸ்ப்ளே கார்டுகள் கொடுத்தது. எம்.டி.ஏ. என்பதில் எழுத்து மட்டும் தெரியும், படம் வராது. சி.ஜி.ஏ. என்பதில் நிறமும் படமும் உண்டு, எழுத்துதான் கரடுமுரடாக இருக்கும். இரண்டிலும் எழுத்தின் வடிவம் கார்டில் உள்ள ஒரு சில்லில் பதிந்தே வரும். மொத்தம் 256 வடிவங்கள். தமிழுக்கோ 247 எழுத்துகள். அந்த 256இல் பாதியை ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் முன்பே பிடித்துக்கொண்டன.

இடமும் போதாது. சி.ஜி.ஏ.வில் ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். ஆரணியில் டிசைன் போடும் கட்டத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கட்டத்துக்குள் "A" வரையலாம். "ணௌ" வரைய முடியுமா? எட்டு இழைக்குள் ஓர் அன்னப்பட்சி நெய்யச் சொன்னால் தறிக்காரர் சிரிப்பார்.

இந்தச் சிக்கலில் முதலில் மாட்டியவர்களில் ஒருவர் தாய்லாந்துக்காரர், பெயர் வான் சுவன்னுகுல். அமெரிக்காவில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கணினியில் தாய் எழுத்தில் தயாரிக்க நினைத்தார். இரண்டு கார்டுமே உதவவில்லை. தானே ஒன்றைச் செய்தார். அதுதான் 1982இல் வந்த ஹெர்குலிஸ் கார்டு. குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 348 புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் தனியாக ஏற்றி அணைக்கலாம் என்பதால் எந்த மொழி எழுத்தையும் வரைய முடிந்தது. உலகம் முழுக்க அது விற்றது. தாய் எழுத்து, கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல்லவர் தலைநகரான காஞ்சிபுரம் நமக்குப் பக்கத்து ஊர்தானே!

நம் நாட்டிலும் இதே வேலை நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆய்வு, 1988இல் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனத்துக்குப் போய் "ஜிஸ்ட்" கார்டாக வெளிவந்தது. இருக்கும் கணினியைத் திறந்து, காலித் துளையில் இதைச் சொருகினால், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலேயே தமிழும் தெலுங்கும் இந்தியும் தெரியும். புதிய கணினி வாங்க வேண்டியதில்லை. என் பார்வையில் நம் மொழிக்கு நடந்த மிகப் பெரிய "அப்கிரேடு" அதுதான்.

அதற்குப் பயன்பட்ட எழுத்துக் குறியீடு இஸ்கி. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைத் தரமாக்கியது. க என்றால் எல்லா இந்திய மொழிக்கும் ஒரே எண். அதே ஆண்டில் வந்த யூனிகோடின் முதல் பதிப்பும் இந்திய மொழிகளுக்கு இஸ்கியின் வரிசையையே அடிப்படையாகக் கொண்டது. நீங்கள் இப்போது கைபேசியில் படிக்கும் இந்த எழுத்துகளின் வரிசை அங்கிருந்து வந்ததுதான். பின்னர் விண்டோஸ் 2000 தமிழை இயங்குதளத்திலேயே சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு தமிழுக்கென்று தனிக் கார்டு தேவைப்படவில்லை.

கார்டு போனது பற்றி எனக்கு வருத்தமில்லை. அதை வைத்துத் தட்டிய கோப்புகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. இஸ்கியில் எழுதியதை இன்றைய கணினியில் அப்படியே திறந்தால் குப்பை எழுத்தாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், யூனிகோடுக்கு மாற்ற நிரல்கள் இருக்கின்றன.

உங்களில் அச்சகம், டி.டி.பி. கடை, அலுவலகம் என்று 1990களில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். பரணில் பழைய சி.பி.யூ. பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஜிஸ்ட் என்று எழுதிய கார்டு இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஃபிளாப்பி இருந்தால் வெயில் படாமல் உலர்ந்த டப்பாவில் வையுங்கள். நம் ஆரணித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், ஃபிளாப்பி டிரைவ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.